டப்ளின்ல பர்த்டே வீக்கெண்ட்: அஞ்சு பப் போதும், நிதானமா உக்காருங்க

டப்ளினுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. லண்டன், மான்செஸ்டர்ல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ்ல யாருக்காவது முப்பதாவது பர்த்டே வருதுன்னா "மச்சி, எல்லாரும் உங்க ஊருக்கு வர்றோம், ரெண்டு நாள் பப்புதான்"னு மெசேஜ் வந்துடும், கூடவே பதினாலு பப் பேர் போட்ட லிஸ்ட் ஒண்ணும் வரும். நான் மொத வேலையா அந்த லிஸ்ட்ட அஞ்சா குறைச்சிடுவேன். ஐரிஷ் பப்ங்கிறது கிட்டத்தட்ட நம்ம ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரிங்க, உக்காந்து ஊர்க்கதை பேசத்தான் அங்க போறதே, மணிக்கு ஒரு பப்னு ஓடுனா வாசல்ல இருக்கிற போர்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அதனால இந்த கைடு முழுக்க ஒரே விஷயம்தான், நல்ல எடம் பாத்து, சீட் புடிச்சு, எந்திரிக்காம உக்காருறது எப்படின்னு.

மொதல்ல விசா. இத எத்தன தடவ சொன்னாலும் யாராவது ஒருத்தர் மிஸ் பண்ணிடறாங்க. யூகேல வேலை பாக்குற இந்தியன் பாஸ்போர்ட், ஸ்ரீலங்கா பாஸ்போர்ட் ஆளுங்களுக்கு, பிஆர் கையில இருந்தாலும் சரி, அயர்லாந்துக்கு தனி விசா வேணும். போன வருஷம் எங்க க்ரூப்ல ஒருத்தன் போர்டிங் கேட் வரைக்கும் வந்துட்டு, பாஸ்போர்ட்ட பொரட்டிப் பாத்தவங்க திருப்பிக் குடுத்ததும், கேக்குக்கு ஆர்டர் பண்ணி வச்சிருந்த டாப்பரோட வீட்டுக்குத் திரும்பிப் போனான், அவன்தான் பர்த்டே பாயோட ஸ்கூல் ஃப்ரெண்ட், மத்த எல்லாருக்கும் அந்த வெள்ளிக்கிழமையே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க. அது முடியாதுன்னா பெல்ஃபாஸ்ட் போங்க, நான் மனசாரத்தான் சொல்றேன். பெல்ஃபாஸ்ட் யூகேக்குள்ளதான் இருக்கு, ஐரிஷ் விசா தேவையில்ல, காசும் பவுண்டுதான். அங்க கிரவுன் லிக்கர் சலூன்னு ஒரு பப் இருக்கு, பழைய கட்டடங்கள பாதுகாக்கிற நேஷனல் ட்ரஸ்டுக்கு சொந்தமானது, உள்ள மரத்துல செதுக்கின கதவு வச்ச குட்டி குட்டி அறைங்க, ஸ்னக்னு சொல்வாங்க, உள்ள உக்காந்து கதவ சாத்திக்கிட்டா அந்த மூணு மணி நேரம் உங்க க்ரூப்புக்குன்னே கட்டின ரூம் மாதிரி இருக்கும். ஆனா அங்க இருந்து பஸ் ஏறி டப்ளின் வந்துடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, பார்டர்ல கேட் எதுவும் இருக்காது, ஆனா சட்டப்படி விசா வேணும்.

அடுத்து தேதி. ப்ளைட் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி க்ரோக் பார்க், அவிவா ரெண்டு ஸ்டேடியத்துலயும் அந்த வீக்கெண்ட் என்ன நடக்குதுன்னு பாத்துடுங்க. க்ரோக் பார்க்ல மட்டும் 82,300 பேர் உக்காரலாம், அங்க ஒரு கான்சர்ட்டோ ஃபைனலோ இருந்தா ஹோட்டல் ரேட் எகிறிடும், பப்ல நிக்கக்கூட எடம் கெடைக்காது. பிப்ரவரி மார்ச்ல சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி மேட்ச் இருக்கிற வாரமும் அப்படித்தான். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக்ஸ் டே ஆசையா இருக்கும், பர்த்டேக்காக வர்றவங்க அத தவிர்க்கறது நல்லது, உக்காந்து பேசணும்னு வர்றவங்களுக்கு அது வேற மாதிரி நாள்.

தங்குறதுக்கு எல்லாரும் டெம்பிள் பார்னு டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கிற பப் ஏரியாவுல தேடுவாங்க, நான் ஸ்மித்ஃபீல்ட்னு சொல்வேன். லிஃபி ஆத்துக்கு வடக்கு பக்கம், லுவாஸ் ட்ராம் ரெட் லைன் வாசல்ல நிக்கும், ராத்திரி நடந்தே ரூமுக்கு வந்துடலாம். ஏர்போர்ட்ல இருந்து ட்ரெயின் கெடையாது, பஸ்தான், லீப் கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, பஸ், ட்ராம், டார்ட் ட்ரெயின் எல்லாத்துக்கும் அதே கார்டு போதும்.

எத்தன பேரு? ஆறு. எட்டுனா சமாளிக்கலாம். பன்னெண்டு பேர்னா பழைய பப் எதுலயும் ஒண்ணா உக்கார முடியாது, எல்லாம் சின்ன எடம், நெறைய பப்ல டேபிள் ரிசர்வ் பண்றதும் கெடையாது. அதனால சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் போய் உக்காந்துடணும், ஏழு மணிக்கு மேல போனா நின்னுக்கிட்டேதான் குடிக்கணும். பர்த்டே அன்னிக்கு சாயங்காலத்துக்கு மட்டும் போன் பண்ணி "பர்த்டே, எட்டு பேர், ஒரு ஓரம் கெடைக்குமா"ன்னு கேளுங்க, ரிசர்வேஷன் இல்லன்னு சொல்ற எடத்துலகூட நேரம் சொல்லி உதவி பண்ணுவாங்க. கேக் கொண்டு வரலாமான்னும் அப்பவே கேட்டுடுங்க, வெட்டினதும் பார்ல நிக்கிறவருக்கும் பக்கத்து டேபிளுக்கும் ஒரு துண்டு குடுங்க, அதுக்கப்புறம் அந்த பப்ல நீங்க வெளியாளே இல்ல.

இப்ப காசு விஷயம், இங்கதான் நம்மாளுங்க ரொம்ப கொழம்புவாங்க. நம்ம ஊர்ல பர்த்டே யாருக்கோ அவர்தான் ட்ரீட் வைக்கணும். இங்க பழக்கம் ரவுண்ட். ஒருத்தர் எந்திரிச்சு போய் டேபிள்ல இருக்கிற எல்லாருக்கும் வாங்கிட்டு வருவாரு, அடுத்தது இன்னொருத்தர். உங்க முறை வரும்போது நழுவுறது இங்க ரொம்ப கேவலமா பாக்கப்படற விஷயம், அதே மாதிரி பர்த்டே ஆளு பர்ஸ எடுத்தா மத்தவங்க தடுக்கணும். சிக்கல் என்னன்னா எட்டு பேர் க்ரூப்ல ஒரு முழு சுத்து வர்றதுக்குள்ள ஆளுக்கு எட்டு பைண்ட் ஆயிடும், ஒரு பைண்ட் 568 மில்லி, நெனச்சு பாருங்க. அதனால நாலு நாலு பேரா பிரிச்சுக்கங்க, இல்லன்னா ஆளுக்கு அம்பது யூரோ போட்டு ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க, இத கிட்டின்னு சொல்வாங்க. சாதாரண பப்ல ஒரு பைண்ட் கின்னஸ் ஆறு ஏழு யூரோ வரும், டெம்பிள் பார்ல பத்த தொடும். குடிக்காதவங்களையும், காசு கம்மியா வாங்கிக்கிட்டு, கிட்டில சேத்துக்கங்க, கின்னஸ் 0.0னு ஆல்கஹால் இல்லாதது நெறைய பப்ல டேப்லயே வருது, டீயும் கெடைக்கும், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

ஆர்டர் பண்றது பார்ல போய்தான், டேபிளுக்கு வருவாங்கன்னு காத்திருக்காதீங்க. க்யூ இருக்காது, ஆனா யாரு முன்னாடி வந்தாங்கன்னு பார்ல இருக்கிறவருக்கு நல்லாத் தெரியும், காச ஆட்டிக் கூப்பிடக்கூடாது, கண்ணப் பாத்தா போதும். மொதல்ல கின்னஸ சொல்லுங்க, அப்புறம் மத்தது. ஏன்னா கின்னஸ் ரெண்டு தடவையா ஊத்துறது. கிளாஸ 45 டிகிரி சாய்ச்சு முக்காவாசி ஊத்தி, அப்படியே தட்டுல வச்சுட்டு அடுத்த ஆள பாக்க போயிடுவாரு. மொத தடவ வந்த ஃப்ரெண்ட் "என்னடா, பாதி ஊத்தி மறந்துட்டு போயிட்டாரு"ன்னு கை நீட்டி எடுக்கப் போனான், நான் கையப் புடிச்சு நிறுத்துனேன். அந்த நேரத்துல கிளாஸ பாக்கணும், நைட்ரஜன் குமிழி நடுவுல மேல ஏறி ஓரத்துல கீழ எறங்கும், கண்ணாடி பக்கம் பாத்தா பழுப்பு நெறத்துல மழை எறங்குற மாதிரியே இருக்கும், மெல்ல மெல்ல அடியில இருந்து கறுப்பாகிட்டே வந்து மேல வெள்ளை மட்டும் நிக்கும். அப்புறம்தான் மீதிய ஊத்தி நுரைய விளிம்புக்கு மேல குவிச்சு குடுப்பாரு. மொத்தம் 119.5 செகண்ட்னு கம்பெனியே கணக்கு சொல்லுது. வாங்குனதும் நுரைய நக்காம, நுரைக்கு கீழ இருக்கிறது வாய்க்கு வர்ற மாதிரி பெருசா ஒரு மொடக்கு குடிங்க, நுரை கசக்கும், அடியில இருக்கிறதுதான் ருசி.

ரெண்டு டிரிங்க்கோட பேர மட்டும் ஆர்டர்ல சொல்லிடாதீங்க, "பிளாக் அண்ட் டான்", "ஐரிஷ் கார் பாம்". மொதல் பேரு 1920, 21ல இங்க அட்டூழியம் பண்ணின பிரிட்டிஷ் படையோட பேரு, ரெண்டாவது குண்டு வெடிச்சு செத்த ஜனங்கள ஞாபகப்படுத்துற பேரு. விஸ்கி சொன்னா இங்க அளவு 35.5 மில்லி, லண்டன் 25 மில்லி பழக்கத்துல எண்ணிக்கிட்டு குடிச்சீங்கன்னா கணக்கு தப்பும்.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு ஸ்மித்ஃபீல்ட்ல இருக்கிற காபிள்ஸ்டோன். நான் ஒரே ஒரு பப்தான் சொல்லணும்னா இதத்தான் சொல்வேன். ஜன்னல் ஓரம் ஒரு மூலையில ஃபிடில், டின் விசில்னு சொல்ற சின்ன குழல், பௌரான்னு சொல்ற கைப்பறை, சில நாள் இல்லன் பைப்ஸ்னு சொல்ற ஐரிஷ் பேக்பைப், வட்டமா உக்காந்து வாசிப்பாங்க, மேடை கெடையாது, மைக் கெடையாது. 2021ல இந்த எடத்துல ஹோட்டல் கட்டப் போறாங்கன்னதும் ஜனங்க சவப்பெட்டி தூக்கிக்கிட்டு ரோட்ல ஊர்வலம் போனாங்க, நவம்பர்ல சிட்டி கவுன்சில் அனுமதி மறுத்துடுச்சு, பப்பு இன்னிக்கும் இருக்கு. அங்க நடந்துக்கிற முறை இருக்கு. வாசிக்கிறவங்க மூலையில காலி சேர் இருந்தாலும் உக்காராதீங்க, அது வரப்போற இன்னொரு கலைஞருக்கு. பக்கத்துல இருந்து சத்தமா பேசாதீங்க, தெரிஞ்ச பாட்டா கேட்டு தொந்தரவு பண்ணாதீங்க. யாராவது வாத்தியம் இல்லாம தனியா பாட ஆரம்பிச்சா மொத்த பப்பும் அமைதியாகும், அப்ப கிளாஸக்கூட மெதுவா வைங்க. நம்ம ஊர் பஜனை மடத்துல யாரோ ஒரு பாட்டி திடீர்னு பாடத் தொடங்கினதும் எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்களே, அதே தான். வெள்ளி, சனி ராத்திரி 12:30க்கு ஊத்துறத நிறுத்துவாங்க, இருக்கிறத குடிச்சு முடிக்க அரை மணி நேரம் தருவாங்க, ஞாயிறு 11 மணியோட சரி. கடையில பாட்டில் வாங்கணும்னா ராத்திரி 10 மணிக்குள்ள.

சனிக்கிழமை காலையில லேட்டா எந்திரிச்சு நல்லா சாப்பிடுங்க. கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் போகணும்னா ஆன்லைன்ல முன்னாடியே டிக்கெட் போடுங்க, ஆர்தர் கின்னஸ் 1759ல 9,000 வருஷத்துக்கு லீஸ் எழுதி வாங்கின எடம், மேல கிராவிட்டி பார்ல இருந்து ஊரே தெரியும். போகலன்னாலும் நஷ்டமில்ல. மதியம் சவுத் வில்லியம் ஸ்ட்ரீட்ல க்ரோகன்ஸ், டிவி கெடையாது, பாட்டு கெடையாது, சுவர் பூரா லோக்கல் ஓவியர்களோட படம் விக்கறதுக்கு மாட்டியிருக்கும், ஒரு டோஸ்ட்டி, அதான் டோஸ்ட் பண்ணின சாண்ட்விச், வாங்கி கடுகு சாஸ் வச்சு சாப்பிடுங்க, சீஸ் மட்டும் போட்டதும் கெடைக்கும், வெஜ் ஆளுங்களுக்கு அதுவே பெரிய உதவி. இன்னொண்ணு, கின்னஸ வடிகட்ட முன்னாடி மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கிற ஒரு பொருள சேத்துக்கிட்டு இருந்தாங்க, அத நிறுத்தப் போறோம்னு 2015ல அறிவிச்சு நிறுத்தியும் ஆச்சு, சுத்த சைவம் கேக்குற ஃப்ரெண்டுக்கு தைரியமா சொல்லலாம். அங்க இருந்து சில நிமிஷ நடைதான் லாங் ஹால், பழைய விக்டோரியன் காலத்து மரவேலை, கண்ணாடி, கடியாரம். கேக் வெட்ட, நீளமா பேச நான் இதத்தான் எடுப்பேன். நாலு மணிக்கு போய் உக்காருங்க, எட்டு வரைக்கும் எந்திரிக்காதீங்க. பப் கிச்சன் எல்லாம் ஒன்பது மணி வாக்குல மூடிடும், சாப்பாட்ட தள்ளிப் போடாதீங்க. வெர்பர்க் ஸ்ட்ரீட்ல லியோ பர்டாக்ஸ்னு 1913ல இருந்து மீனும் சிப்ஸும் போடுற கடை இருக்கு, பொட்டலம் வாங்கிட்டு பக்கத்துல க்ரைஸ்ட் சர்ச் கிட்ட நின்னு சாப்பிடலாம். அப்படியே எறங்கி நடந்தா ப்ரேஸன் ஹெட், போர்டுல 1198னு போட்டிருக்கும், இப்ப இருக்கிற கட்டடம் அதுக்கு ரொம்ப பின்னாடி வந்தது, ஆனா அந்த முற்றத்துல ராத்திரி நிக்கிறது நல்லா இருக்கும், ஆத்தத் தாண்டினா உங்க ரூம்.

டெம்பிள் பார பாக்காம எப்படின்னு கேப்பாங்க. பகல்ல ஒரு நடை போயிட்டு ஃபோட்டோ எடுத்துக்கங்க.

ஞாயித்துக்கிழமை க்ளாஸ்நெவின்ல ஜான் கவனான்னு ஒரு பப், எல்லாரும் கிரேவ்டிக்கர்ஸ்னுதான் கூப்பிடுவாங்க, 1833ல இருந்து கல்லறை மதிலை ஒட்டியே இருக்கு, குழி வெட்டுறவங்க சுவர தட்டினா உள்ள இருந்து பைண்ட் போகும்னு கதை சொல்வாங்க. பாட்டு, டிவி எதுவும் கெடையாது, மரத்தரை தேஞ்சு போயிருக்கும். காட்லனு ஒரு சாப்பாடு, பன்னி சாசேஜ், பேக்கன், உருளைக்கிழங்கு போட்டு வேகவச்ச குழம்பு, சாப்பிடறவங்க அன்னிக்கு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. முன்னாடி ஒரு மணி நேரம் பக்கத்துல பொட்டானிக் கார்டன்ஸ் நடந்துட்டு வாங்க, தலைவலி எறங்கிடும். சாயங்கால ப்ளைட்னா அங்க இருந்தே டாக்ஸி எடுங்க, ஏர்போர்ட் அதே வடக்கு பக்கம்தான், கிட்டில மிச்சம் இருக்கிற காசு அதுக்கு சரியா இருக்கும்.