பட்டிங் கிரீனில் தேங்கிய தண்ணீர்

வீட்டுக் கொல்லையில் செயற்கைப் புல் விரித்துப் பட்டிங் கிரீன் (கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைக்கும் தரை) போட்டேன். முதல் மழையிலேயே தண்ணீர் தேங்கி, பாசி வாடை அடித்தது. பந்து விழும் 108 மி.மீ. அகலக் குழிக்குள்ளும் தண்ணீர். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெறும் களிமண், சரிவே இல்லை.

எல்லாவற்றையும் பெயர்த்தேன். 10 செ.மீ. ஜல்லி கொட்டி, இரண்டு அடுக்காக இடித்து இறுக்கி, மேலே கல்தூள் பரப்பினேன். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு. குழிக் கோப்பைக்கு அடியிலும் ஜல்லி.

புல்லை மறுபடி விரித்தேன். அப்புறம் புல் இழைகளுக்கு இடையே மணல். இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஈரக்காற்றில் மணல் கட்டிகட்டியாகி இழைகளுக்குள் இறங்கவே இல்லை. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காய்ந்த சிலிக்கா மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இழைகள் நிமிரும்படி எதிர்த்திசையில் துடைப்பத்தால் தேய்த்தேன். சரசரவென்று இறங்கியது. நேற்றைய கனமழைக்குப் பின் தண்ணீர் நிற்கவில்லை. பந்து நேராக ஓடிக் குழியில் விழுந்தது.