உதிர்ந்த கல்லை ஒட்டுவதற்கு முன்: நகைப் பசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிமிக்கியில் ஒரு கல் உதிர்ந்தால் கை தானாகப் போவது ஐந்து ரூபாய் ஃபெவிக்விக் ட்யூபுக்குத்தான். பத்து நொடியில் கல் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் கல் இருக்கும், மினுக்கு இருக்காது. சுற்றிலும் திருநீறு தூவியது போல ஒரு வெள்ளைப் படலம். அடுத்த விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அந்தக் கல்லும் இருக்காது.

கடையில் “நல்லா ஸ்ட்ராங்கான கம் குடுங்க” என்று கேட்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. நகை வேலையில் பசையின் பலம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒட்டப்போகும் இரண்டு பரப்புகள் என்னென்ன, ஒட்டிய பிறகு அந்த இடம் வளையுமா, அசையுமா, இடிபடுமா, பசையில் உள்ள ரசாயனம் கல்லின் பின்பூச்சைத் தின்னுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் எந்த ட்யூபை எடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உடனடிப் பசை எங்கே காலை வாரும்

ஃபெவிக்விக் வகைப் பசைகள் சயனோஅக்ரிலேட் என்ற ரசாயனம். இவை காற்றில் காய்வதில்லை. பரப்பின் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்பசையைத் தொட்டதும் இறுகுகின்றன. அதனால் மிக மெல்லிய படலமாக, இரண்டு பரப்புகளும் இடைவெளியின்றிப் பொருந்தும் இடத்தில்தான் இவற்றின் முழு பலமும் கிடைக்கும். “இன்னும் ஒரு சொட்டு விட்டால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்” என்று விடுகிற அந்தச் சொட்டுதான் கெடுக்கிறது. தடிமனாக நிற்கும் பசை உள்ளே இறுக நேரமெடுக்கும். அதற்குள் அதிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்தில் உள்ள கற்களின் மேல் படிந்து வெள்ளையாக இறுகிக்கொள்ளும். அந்தத் திருநீற்றுப் படலம் இதுதான். காற்றில் ஈரம் மிகுந்த அடைமழை நாள்களில் இது இன்னும் கூடும்.

ஒட்டி முடித்த தோட்டை உடனே ஜிப் கவரிலோ நகை டப்பாவிலோ போட்டு மூடுவது இதைவிட மோசம். ஆவி வெளியேற வழியின்றி ஒரு கல்லுக்காக ஒட்டிய பசை டப்பாவில் உள்ள மொத்தக் கற்களையும் மங்கடித்துவிடும். ஒட்டிய பொருளைக் குறைந்தது ஒரு நாள் திறந்த தட்டில், காற்றாடும் இடத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. இறுகிய பிறகு இது கண்ணாடி போல நொறுங்கும் தன்மை கொண்டது. நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் நெம்பினாலோ தரையில் விழுந்தாலோ ‘டிக்’ என்று விட்டுவிடும். எப்போதும் எங்காவது இடிபடும் வளையலுக்கும், ஆடிக்கொண்டே இருக்கும் தொங்கட்டானுக்கும் இது சரிவராது. எலாஸ்டிக் கயிற்றில் கோத்த பிரேஸ்லெட்டின் முடிச்சில் இதை வைத்தால் கயிறு அந்த இடத்தில் விறைத்து, நாலைந்து முறை இழுத்ததும் முடிச்சுக்குப் பக்கத்திலேயே அறுந்துவிடும்.

வழிந்த பசையைப் பஞ்சு வைத்துத் துடைப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். பஞ்சிலும் பருத்தி நூலிலும் சயனோஅக்ரிலேட் படும்போது அது மிக வேகமாக இறுகிச் சூட்டைக் கிளப்பும். அளவு கூடினால் புகையே வரும், விரலைச் சுட்டுவிடும். பட்டுநூல் வளையல் செய்பவர்கள் நூல் முனையை இதைக் கொண்டு அமுக்கினால் சூட்டோடு கறையும் சேரும்: பசை நூலில் ஊறி அந்த இடம் கருத்து, கம்பி போல விறைக்கும். நூல் சுற்றும் வேலைக்குத் துணி ஒட்டும் ஃபேப்ரிக் பசை போதும்.

பின்பூச்சு என்ற பலவீனம்

குந்தன் கல், ஸ்டோன் செயின், கண்ணாடிக் கற்கள் ஆகியவற்றின் மினுக்குக்குப் பெரும்பாலும் அடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சுதான் காரணம். மேலிருந்து வரும் ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. அந்தப் பூச்சு கரைந்தாலோ உரிந்தாலோ மிஞ்சுவது வெறும் கண்ணாடித் துண்டுதான். காரமான கரைப்பான் உள்ள பசைகளும், தப்பாக ஒட்டியதை எடுக்க ஊற்றும் அசிட்டோனும் (பசையைக் கரைக்கும் திரவம்) அந்தப் பூச்சையே முதலில் தாக்கும். புதிய பசை வாங்கினால் உபரியாக உள்ள ஒரு கல்லின் அடியில் தடவி, ஒரு நாள் விட்டு, மேற்பக்கமாகப் பாருங்கள். கருப்பாகவோ திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அந்தப் பசை அந்தக் கல்லுக்கு ஆகாது.

இந்த வேலைக்குப் பழகியவர்கள் கையில் வைத்திருப்பது பி-7000, ஈ-6000 போன்ற, இறுகிய பிறகும் ரப்பர் போல நெகிழும் பசைகளை. இவற்றில் நடக்கும் பெரிய தவறு அவசரம். பி-7000-ஐத் தடவியதும் கல்லை வைக்கக் கூடாது. இரண்டு, மூன்று நிமிடம் விட்டு, மேற்பரப்பு பிசுக்கென்று ஆனதும் வைத்தால் கல் வழுக்காது. அரை மணியில் கல் நகராமல் நிற்கும். அதைப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று காதில் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே கரைப்பான் இன்னும் ஈரமாக இருக்கும். முழுதாக இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஈ-6000 என்றால் 72 மணி நேரம்கூட. சனிக்கிழமைக் கல்யாணத்துக்குப் புதன்கிழமையே ஒட்டிவிடுங்கள்.

அளவு? 4 மி.மீ. கல்லுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. அகலப் புள்ளி போதும். கல்லை அமுக்கியதும் பசை அடிப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை நிறைத்து, ஓரத்துக்குச் சற்று உள்ளேயே நின்றுவிட வேண்டும். ஓரத்தில் வளையமாகப் பிதுங்கினால் அதிகம் வைத்திருக்கிறீர்கள். ட்யூபிலிருந்து நேராகப் பிதுக்காமல் பல்குச்சி முனையில் எடுத்து வைத்தால் அளவு தப்பாது. இந்தப் பசைகள் சிலந்தி வலை போல நூல் இழுக்கும். குச்சியை உயர்த்தும்போது முனையை அடிப்பரப்பில் தொட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தால் நூல் அறுந்துவிடும். மீறி வழிந்தால் உடனே துடைக்காதீர்கள், பரவிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பல்குச்சியால் உருட்டினால் அழிரப்பர் துகள் போலச் சுருண்டு வரும்.

வாசம் கடுமையாக இருக்கும். ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய அறையில் இருநூறு கல் ஒட்ட உட்காருவது தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இப்போது யு.வி. ரெசின் பசை புழக்கத்துக்கு வந்திருக்கிறது. புற ஊதா (யு.வி.) விளக்கைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் கட்டியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வெளிச்சம் பசை வரை போய்ச் சேர வேண்டுமே! அடியில் வெள்ளிப் பூச்சு உள்ள கல்லை உலோகத் தட்டில் ஒட்டினால் மேலே பூச்சு மறைக்கும், கீழே உலோகம் மறைக்கும். ஓரம் மட்டும் இறுகி நடுப்பகுதி எண்ணெய் போலவே இருக்கும். ஒளி ஊடுருவும் கல்லுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

பசைக்கு முன்னால் நடக்கும் தவறு

ஒட்டு விட்டுப்போனால் உதிர்ந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பசை முழுவதும் ஒரே பக்கம் பளிங்கு போல ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் சுத்தமாக இருந்தால், அந்தச் சுத்தமான பக்கத்தை நீங்கள் தயார் செய்யவில்லை என்று பொருள். விரல் எண்ணெய், தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், பித்தளையின் பச்சைக் களிம்பு, பழைய பசையின் செதில் என ஏதோ ஒன்றின் மேல் புதிய பசை உட்கார்ந்திருக்கிறது. அது நகையைப் பிடிக்கவில்லை, அழுக்கைப் பிடித்திருக்கிறது.

பழைய பசையை ஊசியாலோ பிளேடு முனையாலோ சுரண்டி எடுங்கள். உலோகத் தட்டை 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, அதன்பின் விரல் படாமல் வேலையைத் தொடங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைப்பவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் நகம் வறளாமலிருக்க எண்ணெய் சேர்த்திருப்பார்கள். எடுத்த எண்ணெயைத் திரும்பத் தடவிய கதைதான்.

சுடுமண் நகையில் இது வேறு விதமாக வரும். பின்பக்கம் வரை பெயின்ட் அடித்துவிட்டுத் தோட்டுத் தண்டை அதன் மேல் ஒட்டுவார்கள். பசை பெயின்டை விடாது. பெயின்ட் மண்ணை விட்டுவிடும். தண்டு பெயின்டோடு பெயர்ந்து வரும். தண்டின் அடித்தட்டு உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி மண்ணை வெளிக்கொண்டுவந்து, எபாக்ஸி என்ற இரட்டை ட்யூப் பசை வைத்து ஒட்ட வேண்டும்.

எபாக்ஸி: பாதி பாதி என்றால் பாதி பாதிதான்

அரால்டைட் போன்ற இரட்டை ட்யூப் பசையில் ஒன்று ரெசின், மற்றொன்று அதை இறுகவைக்கும் ஹார்டனர். நகைக்கு வாங்கும் பெரும்பாலானவற்றில் கொள்ளளவில் இரண்டும் சமம். அட்டையில் வேறு விகிதம் போட்டிருந்தால் அதன்படி. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் வேகம் கூடாது. ரெசினோடு சேர வழியில்லாத மிச்சம் உள்ளேயே தங்கி, வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு கல்லுக்காகக் கடுகளவு கலப்பதும் தவறு. அந்த அளவில் கண்ணால் சமம் பார்க்க முடியாது. பட்டாணி அளவு கலந்து, ஒரு முழு நிமிடம் ஓரங்களை வழித்து வழித்துக் குழைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தட்டிலேயே விட்டுவையுங்கள். அது இறுகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தால் நகையைத் தொடாமலே நிலவரம் தெரியும்.

ஐந்து நிமிட எபாக்ஸி வசதியானது. ஆனால் சூட்டையும் தண்ணீரையும் தாங்குவதில் 24 மணி நேர வகைக்கு ஈடாகாது. தினமும் போடும் நகைக்கு மெதுவாக இறுகுவதே நல்லது. இரண்டுமே வெயில் பட்டால் காலப்போக்கில் மஞ்சளாகும். அதனால் வெள்ளைக் கல்லின் அடியில் தெரியும்படி வைக்காதீர்கள்.

பாதி துளையிட்ட முத்தைக் கம்பியில் பொருத்த எபாக்ஸிதான் சரி. துளைக்குள் இருக்கும் முத்துத் தூளை ஊசியால் தட்டி எடுத்துவிட்டு, கம்பியில் பிளேடால் இரண்டு மூன்று கீறல் போட்டு, பசையைக் கம்பியில் தடவிச் சுழற்றியபடி உள்ளே செலுத்துங்கள். துளையைப் பசையால் நிரப்பிவிட்டுக் கம்பியைக் குத்தினால் உள்ளே அடைபட்ட காற்று முத்தை மெல்ல வெளியே தள்ளிவிடும். காலையில் பார்த்தால் முத்து ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். பிதுங்கியதை இறுகும் முன்பே துடையுங்கள். பிளாஸ்டிக் முத்தின் மேல் அசிட்டோன் பட்டால் மேல்பூச்சு உரிந்துபோகும்.

பசையே வேண்டாத இடங்கள்

6 மி.மீ. தட்டுக்கு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. ஒட்டும் பரப்பு உண்டு. 1 மி.மீ. கம்பி அறுந்தால் அதன் முனைக்கு 1 சதுர மி.மீ. கூட இல்லை. அறுந்த கொக்கியை, வளையத்தை, தோட்டுத் தண்டை முனைக்கு முனை ஒட்ட எந்தப் பசையாலும் ஆகாததற்கு இந்தக் கணக்குதான் காரணம். அது பற்றாசு (உருக்கி இணைக்கும் உலோகம்) வைத்து ஊத வேண்டிய வேலை. ஆசாரியிடம் போக வேண்டும்.

தங்க நகையில் ‘தற்காலிகமாக’ ஒட்டிவைத்துவிட்டுப் பிறகு ஆசாரியிடம் கொண்டுபோனால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நெருப்புக் காட்டும்போது சயனோஅக்ரிலேட் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் புகையைக் கக்கும். நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகள் போல அடி மூடிய கெம்பு வேலைப்பாடுகளில் கல்லுக்கு அடியில் அரக்கும் மினுக்குத் தகடும் இருக்கும். அங்கே பசை சொட்டினால் தகட்டை நனைத்துக் கல்லை இருட்டாக்கிவிடும். ஸ்பிரிட் போட்டுக் கழுவினால் அரக்கு கரையும், சுடுதண்ணீரில் போட்டால் இளகும். உதிர்ந்த கல்லைக் காகிதத்தில் மடித்து நகையோடு கொடுத்துவிடுவதே மேல்.

விரல் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பென்சிலை உருட்டுவது போல மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். இமையை வலுக்கட்டாயமாகத் திறக்கக் கூடாது, அசிட்டோன் கண் பக்கமே வரக் கூடாது.

ட்யூபைப் பற்றி ஒரு வார்த்தை. பி-7000 மூக்கில் உள்ள ஊசியை எறிந்துவிட்டால் இரண்டாம் முறை ட்யூப் திறக்காது. வேலை முடிந்ததும் முனையைத் துடைத்து, ஊசியைச் செருகி, நிமிர்த்தி வையுங்கள். உடனடிப் பசையைத் திறக்காதவரை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். எடுத்ததும் உடனே திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த ட்யூபில் வியர்க்கும் ஈரமே அதை உள்ளுக்குள் இறுக்கிவிடும். திறந்ததை, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு இறுக மூடிய டப்பாவில், நிமிர்ந்த நிலையில் வையுங்கள்.