கிரவுனைக் கழற்றும் முன்: பொலேரோவின் பின்பட்டை புஷ்களை வீட்டிலேயே மாற்றும் முறை

நீலகிரியில் ஓடும் பொலேரோ, பழைய ஜீப் போன்ற வண்டிகளில் ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது பின்பக்கம் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலானோர் முதலில் சந்தேகப்படுவது கிரவுனை, அதாவது விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தைத்தான். கிரவுனைப் பிரிப்பது செலவும் நாள்களும் பிடிக்கும் வேலை. அதில் கை வைப்பதற்கு முன் பின்பட்டைகளின், அதாவது பின் ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டைகளின், ரப்பர் புஷ்களைப் பார்த்துவிடுவதே முறை.

பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புள்ள கார்களில், டிஃபரன்ஷியல் ரப்பர் புஷ்களின் வழியாக வண்டியின் உடலோடு பொருத்தப்பட்டிருக்கும். அங்கே தேய்வது அந்தப் புஷ்கள். பொலேரோவில் டிஃபரன்ஷியல் பின் ஆக்சிலுக்குள்ளேயே இருப்பதால், அதே வேலையைப் பட்டையின் இரு முனைகளிலும் வளையமாகச் சுருண்டிருக்கும் கண்களில் உள்ள புஷ்கள் செய்கின்றன. சக்கரம் முன்னோக்கித் திரும்பும்போது ஆக்சில் ஹவுசிங் அதற்கு எதிர்த்திசையில் முறுக முயல்கிறது. அந்த முறுக்கத்தைத் தாங்குவது பட்டைகள்தாம். வண்டியை முன்னே தள்ளும் விசையும், பிரேக் பிடிக்கும்போது பின்னே இழுக்கும் விசையும் பட்டையின் முன் கண்ணின் வழியாகவே சேஸிஸுக்குச் செல்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. ஒவ்வொரு வளைவிலும் விசை ஒருமுறை விடுபட்டு மறுமுறை ஏறுவதால், சமவெளியில் ஓடும் வண்டியைவிட மலை வண்டியின் புஷ்கள் விரைவில் தளர்ந்துவிடுகின்றன.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கிரவுனும் பினியனும் தேய்ந்திருந்தால் வேகத்தோடு கூடிக் குறையும் தொடர்ந்த ஊளைச் சத்தம் வரும். புஷ் தேய்ந்திருந்தால் விசை மாறும் கணத்தில் மட்டும் ஒரே ஒரு அடி கேட்கும். விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் மடங்கும் இணைப்பான கிராஸ் தேய்ந்திருந்தாலும் ஏறத்தாழ இதே சத்தம் வரும் என்பதால், சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை நியூட்ரலில் வைத்து, கிராஸின் இருபுறமும் கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்கவும். அங்கே ஆட்டம் இல்லையென்றால், பட்டையின் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே நீண்ட லிவரைக் கொடுத்து நெம்பவும். நல்ல புஷ் சற்றே வளைந்துகொடுத்துத் திரும்பும். கெட்டுப்போன புஷ் தடையின்றி நகரும். ரப்பர் வெடித்திருப்பதும், போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத் துருப்பொடி வடிந்திருப்பதும், பட்டையின் பின் கண்ணைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் ஒருபக்கம் சாய்ந்து பட்டையில் உரசியிருப்பதும் மற்ற அடையாளங்கள்.

உதிரிபாகங்களை முழுவதும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே வண்டியைத் தூக்க வேண்டும். பட்டையைக் கழற்றிய பிறகு ஒரு போல்ட் இல்லை என்று தெரிந்தால், அதை வாங்க மலையிறங்கிப் போக அந்த வண்டி உதவாது. இரு பக்கத்துக்கும் புஷ்கள், புதிய போல்ட்டுகள், தளராமலிருக்க நைலான் வளையம் பதித்த நைலாக் நட்டுகள் ஆகியவை தேவை. பழைய போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே தரத்தில் வாங்க வேண்டும்; ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் இந்த இடத்துக்கு ஆகாது. பாலியூரிதேன் புஷ்களும் விற்கப்படுகின்றன. அவை நீண்டநாள் உழைத்தாலும் கடினமானவை என்பதால், எஸ்டேட் பாதையின் அதிர்வு முழுவதையும் உள்ளே கடத்திவிடும். வீட்டு உபயோக வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

இந்த மலைகளில் வேலையின் கடினமான பகுதி சமதரையைத் தேடுவதுதான். வாசலே சரிவாக இருக்கும் வீட்டில் இதைச் செய்ய முயல வேண்டாம். தேயிலைக் கிடங்கின் முற்றமோ, சிமென்ட் போட்ட ஷெட்டோ கிடைத்தால் அங்கே செய்யவும். மழைக்காலத்து ஈர மண்ணில் ஜாக் மெல்லமெல்லப் புதையும் என்பதால், மண் தரையைத் தவிர்ப்பது நல்லது. ஹேண்ட்பிரேக் பிடிப்பதும், கியர் கட்டுப்படுத்துவதும் பின்சக்கரங்களை மட்டுமே என்பதால், பின்பக்கத்தைத் தூக்கிய உடனே இரண்டும் பயனற்றுப் போகின்றன. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது, ஏனென்றால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழலவிட்டு வண்டியை நகர விட்டுவிடும். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஆப்புப்போல் அறுத்த கட்டைகளைக் கொடுக்க வேண்டும். கைக்கு எளிதில் கிடைக்கும் உருண்டைத் தைலமரத் துண்டு உருளும், பிளக்கவும் செய்யும். அதை முட்டாக வைக்கக் கூடாது.

முந்தைய இரவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடவும். மறுநாள் பின்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸின் இருபுறமும் பட்டையின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் ஸ்டாண்டுகளை வைத்து, எடையை அவற்றின்மேல் இறக்கவும். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. பிறகு இன்னொரு ஜாக்கை ஆக்சிலின் குழாய்ப் பகுதிக்கு அடியில் கொடுத்து, பட்டை இழுபடாமலும் நசுங்காமலும் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த உயரம் சரியாக அமைந்தால் நட்டைக் கழற்றிய பிறகு போல்ட் கையால் தட்டினாலே நகரும். சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால், உயரம் தவறு, அல்லது போல்ட் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது என்று பொருள். ஒட்டிவிட்டதென்றால், கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே ரம்பத்தகட்டை விட்டு அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பக்கத்தில், ஒரு முனையை மட்டும் கழற்றி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவும். நான்கு முனைகளையும் ஒரே நேரத்தில் விடுவித்தால் ஆக்சில் இடம்பெயர்ந்து, மறுபடி துளைகளைப் பொருத்துவதற்குள் பொழுது போய்விடும். பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைத் தொட வேண்டியதில்லை.

ஷாக்கிள் பக்கத்தில் இரண்டு பாதிகளாக உள்ள ரப்பர் புஷ் இருந்தால் அதை விரலாலேயே பிடுங்கிவிடலாம். முன் கண்ணில் இரும்புக் கூடு கொண்ட புஷ் இருந்தால், முழுநீள மரையுள்ள ராடு ஒன்றை அதன் வழியாகச் செலுத்தி, ஒருபுறம் புஷ்ஷைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டையும் மறுபுறம் கண்ணைவிடச் சற்றே பெரிய குழாய்த் துண்டையும் வைத்து நட்டை முடுக்கினால், புஷ் அந்தக் குழாய்க்குள் இழுபட்டு வெளியே வரும். அசையாவிட்டால் ரப்பரைத் துளைபோட்டு நீக்கி, கூட்டின் உட்புறத்தை ரம்பத்தகட்டால் நீளவாக்கில் அறுக்கவும். கண்ணின் உட்சுவரில் கீறல் விழுந்தால் மெயின் பட்டை பின்னாளில் அங்கேயே வெடிக்கும் என்பதால் கூடு தீரும் இடத்தில் கை நிற்க வேண்டும். சிலர் ரப்பரைத் தீ வைத்து எரிப்பார்கள். பிரேக் ஹோஸும் டீசல் டேங்கும் அருகிலிருக்கையில் அது வேண்டவே வேண்டாம்.

கண்ணை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை நீக்கிவிட்டு, அதே ராடைக் கொண்டு புதிய புஷ்ஷை நேராக உள்ளிழுக்கவும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீரைப் பயன்படுத்தவும். கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல் ஆகியவை ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும்.

இனி வருவது பலரும் தவறவிடும் இடம். இரும்புக் கூடுள்ள புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டில் இறுகி நின்றுவிடும்; அதன்பின் பட்டை அசையும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. வண்டி தூக்கியிருக்கும் நிலையிலேயே போல்ட்டை முடுக்கிவிட்டால், சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் நிரந்தரமாக ஒருபக்கம் முறுகி நிற்கும். சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். ஆகவே நட்டுகளைக் கைமுடுக்கத்தோடு நிறுத்தி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தைப் பலமுறை அழுத்தி ஆட்டிப் பட்டையை அதன் இயல்பு நிலைக்கு வரவிட்ட பிறகே, வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு, முடுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்க வேண்டும். பழைய புஷ் நன்றாக இருந்தும் புதியது சீக்கிரம் போய்விட்டது என்று சொல்லப்படும் பல இடங்களில், பழி உதிரிபாகத்தின்மேல் விழுந்தாலும் காரணம் இதுதான்.

முதல் ஓட்டத்தைச் சரிவில் வைக்காமல் சமமான சாலையில் மெதுவாக ஓட்டி, பிரேக்கையும் சோதித்துக்கொள்ளவும். குன்னூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய்வரும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஓடியதும், கழற்றிய எல்லா நட்டுகளையும் வண்டி தரையில் நிற்கும் நிலையிலேயே மீண்டும் டார்க் ரென்ச்சால் சரிபார்க்கவும். அப்போதே யூ போல்ட் நட்டுகளையும் பார்த்துவிடலாம்.