சின்சில்லா சாப்பிட அடம்பிடித்தால் என்ன செய்வது?

அடர்ந்த ரோமமுள்ள கொறிக்கும் செல்லப்பிராணியான சின்சில்லாவின் கிண்ணத்தில் பெல்லட் (அரைத்து அழுத்திச் செய்த தீவனத் துண்டு) போட்டது போட்டபடி கிடக்கிறது. உலர்புல்லை இழுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் காய்ந்த ரோஜா இதழ் ஒன்றைக் காட்டினால் போதும், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. இதைப் பார்த்தவுடன் வேறு பெல்லட், வேறு புல் என்று தேடக் கிளம்பிவிடாதீர்கள். ‘வேண்டாம்’ என்கிறதா, ‘முடியவில்லை’ என்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. முதலாவதற்குப் பொறுமை போதும். இரண்டாவதற்குப் பொறுமை காட்டினால் ஆபத்து.

முதலில் வாய்

சின்சில்லாவின் 20 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். இவற்றில் முன்பற்கள் வருடத்துக்கு 5 முதல் 7 செ.மீ. வரை வளரும். கரடுமுரடான புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் கடைவாய்ப் பற்கள் தேய வேண்டும். தேயாத பல் ஓரத்தில் முள்போல நீண்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும். வேர்ப்பக்கமும் நீண்டு, கீழே தாடை எலும்பையும் மேலே கண்குழியையும் அழுத்தும்.

வாய் வலிக்கிற சின்சில்லா முதலில் உலர்புல்லைத்தான் விடும், அதைத்தான் அதிகம் மெல்ல வேண்டும். அடுத்தது பெல்லட். மெத்தென்ற தின்பண்டத்தைக் கடைசிவரை விடாது. ‘எங்களுடையதுக்குப் புல்லே பிடிக்காது, ஓட்ஸ் என்றால் உயிர்’ என்று சொல்லப்படும் சின்சில்லாக்களில் பல்வலிக்காரர்கள் நிறைய. நேற்றுவரை புல் தின்றது இன்று தின்னவில்லை என்றால், அதை ருசி மாறியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தின்னும்போது பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் கவனியுங்கள். ஆரோக்கியமான சின்சில்லா பின்னங்காலில் உட்கார்ந்து, பெல்லட்டை இரண்டு முன்னங்கைகளாலும் பிடித்து, ஒரு கடி கடித்து, மீதியைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கும். பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆனால் அது அதன் இயல்பு. வலி உள்ளது பெல்லட்டை எடுத்து வாய் வரை கொண்டுபோகும், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மென்று பார்க்கும், கீழே போடும், பிறகு அதே துண்டைத் திரும்ப எடுக்கும். ஆசை இருக்கிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

கூடவே இவற்றையும் பாருங்கள்: தாடைக்கு அடியிலும் மார்பிலும் ரோமம் ஈரமாக இருக்கிறதா, முன்னங்கை ரோமம் எச்சிலில் திரித்திரியாக ஒட்டியிருக்கிறதா, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறதா, கீழ்த்தாடையின் அடிப்பக்கம் விரலால் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுகிறதா? முன்பற்கள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் கோளாறு. இவற்றில் ஒன்று இருந்தாலும் சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கடைவாய்ப் பற்களை வீட்டில் பார்க்க முடியாது, வாய் அவ்வளவு குறுகல். முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அனுப்பினால், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வேரின் நிலை அதில்தான் தெரியும்.

பல் அல்லாத காரணங்கள்

தண்ணீர் பாட்டிலின் குழாய் நுனியில் உள்ள உருண்டை அடைத்துக்கொண்டால் பாட்டில் நிறைய நீர் இருந்தும் ஒரு சொட்டு வராது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த தீவனம் இறங்காது. தினமும் விரலால் தட்டி நீர் வருகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

சின்சில்லாவுக்குச் சுகமான வெப்பநிலை 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 25 டிகிரியைத் தாண்டினால் தீனியைக் குறைப்பதோடு நிற்காது, வெப்பத்தாக்கம் உயிரையே எடுத்துவிடும். காது சிவந்து, மல்லாந்தோ நீட்டியோ படுத்து மூச்சிரைத்தால் தீனிப் பிரச்சினையை விட்டுவிட்டு அறையைக் குளிர்வியுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆண் சின்சில்லா என்றால் ஆணுறுப்பைச் சுற்றி ரோமம் வளையம்போல இறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதை யோசிப்பதே இல்லை. வலியில் தீனியைத் தொடாமல் சுருண்டு கிடக்கும்.

புதிதாக வீட்டுக்கு வந்தது முதல் சில நாள் குறைவாகவே தின்னும். பழைய இடத்தில் என்ன பெல்லட், என்ன புல் தின்றதோ அதையே கொஞ்சம் கேட்டு வாங்கி வாருங்கள். இடமும் தீனியும் ஒரே நாளில் மாறினால் எந்தக் குடலும் தாங்காது. ஒரே கூண்டில் இரண்டு இருந்தால், ஒன்று இன்னொன்றைக் கிண்ணத்தருகே விடாமல் விரட்டிக்கொண்டிருக்கலாம். கிண்ணங்களை இரண்டாக்கி வெவ்வேறு உயரத்தில் வையுங்கள்.

எத்தனை நேரம் பொறுக்கலாம்?

சின்சில்லா பகலில் தூங்கி, அந்தி சாய்ந்து விடியும்வரை தின்னும் பிராணி. அதனால் மத்தியானம் தொடவில்லை என்று பதற வேண்டியதில்லை. ஓர் இரவு முழுக்கத் தின்னவில்லை, காலையில் புழுக்கையும் இல்லை அல்லது வெகு குறைவு என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதன் குடல் நார்ச்சத்து வந்துகொண்டே இருந்தால்தான் நகரும். நின்றுவிட்டால் வாயு சேரும், வயிறு உப்பும். சின்சில்லாவால் வாந்தியெடுக்கவும் முடியாது. பட்டினி நீண்டால் உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியும். வயிறு கல்லாக உப்பியிருந்தாலோ, கூனிக் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தாலோ காலைவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்ற பழைய சமையலறை நியாயம் இந்தப் பிராணிக்குப் பொருந்தவே பொருந்தாது. நாய்க்குச் சொன்ன யோசனையைச் சின்சில்லாவிடம் பரீட்சித்துப் பார்ப்பது கொடுமை.

தராசு இல்லாமல் எதுவும் தெரியாது

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசும் ஆழமான டப்பாவும் வேண்டும். வாரம் ஒரு தரம், ஒரே நேரத்தில், மாலைத் தீனிக்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். தீனியை மாற்றும் காலத்தில் தினமும். வளர்ந்த சின்சில்லா பெரும்பாலும் 400 முதல் 700 கிராம் இருக்கும், பெண் சற்றுக் கனம். பத்துப் பதினைந்து கிராம் ஏறி இறங்குவது குடலில் உள்ளதைப் பொறுத்தது. 500 கிராம் சின்சில்லா 25 கிராம் இறங்கினால் எச்சரிக்கை. 50 கிராம் இறங்கினால் மருத்துவர். அந்த அடர்ந்த ரோமத்துக்குள் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. கையில் முதுகெலும்பு தட்டுப்படும்போது காலம் கடந்திருக்கும்.

மாலையில் வைக்கும் பெல்லட்டையும் காலையில் மிஞ்சியதையும் எடை போடுங்கள். தரையில் எறிந்ததையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு சரிவரும். புழுக்கையையும் ஒரு பார்வை பாருங்கள். நல்ல புழுக்கை நீள்வட்டமாக, கெட்டியாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சிறுத்துக் கூராகிக் காய்ந்திருந்தால் நார்ச்சத்தோ தண்ணீரோ போதவில்லை. மெத்தென்று ஒட்டினால் தின்பண்டம் மிஞ்சிவிட்டது அல்லது தீனி திடீரென்று மாறிவிட்டது.

உலர்புல்லைத் தின்ன வைப்பது

தீனியின் பெரும்பகுதி உலர்புல். அளவே கிடையாது, இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். டிமோத்தி, ஆர்ச்சர்ட், மெடோ, ஓட்ஸ் புல் எதுவானாலும் சரி. குதிரைமசால் எனப்படும் அல்ஃபால்ஃபா, வளரும் குட்டிக்கும் சினையாக உள்ளதற்கும் பாலூட்டுவதற்கும் மட்டும். வளர்ந்ததற்கு அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மிகையாகிச் சிறுநீர்ப்பையில் கல்லாகும். தானியம் உதிர்த்தபின் மிஞ்சும் வைக்கோல் வெறும் தண்டு. அது படுக்கைக்கு ஆகும், தீனிக்கு ஆகாது.

பல் நன்றாக இருந்தும் புல்லைத் தொடாததற்கு அனேகமாகப் புல்லேதான் காரணம். ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாருங்கள். இனிய வாசம் வர வேண்டும், பச்சை நிறம் மிச்சமிருக்க வேண்டும். பழுப்பேறி, உதறினால் தூசி பறந்து, ஈரவாடை அடித்தால் அதைக் குப்பையில் போடுங்கள். பூஞ்சை பிடித்த புல்லை மறுத்த சின்சில்லா நம்மைவிட விவரமானது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியிலோ துணிப்பையிலோ, வெயில் படாமல், தரையைத் தொடாமல் வையுங்கள்.

அடுத்தது அறுப்பு, அதாவது அதே வயலில் எத்தனையாவது முறை அறுத்த புல் என்பது. முதல் அறுப்பில் தண்டு அதிகம், கரடு. இரண்டாம் அறுப்பில் இலையும் தண்டும் கலந்திருக்கும். மூன்றாவது மெத்தென்றிருக்கும். அடம்பிடிக்கும் சின்சில்லாவுக்கு இரண்டாம் அறுப்பில் தொடங்குவது நல்லது. மூன்றாம் அறுப்பை ஆசை காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பல் தேய அது போதாது. மூன்று நான்கு வகைப் புல்லைச் சின்னச் சின்னக் கட்டாக வாங்கி, ஒரே இரவில் தனித்தனி இடத்தில் வைத்துக் காலையில் எது குறைந்திருக்கிறது என்று பாருங்கள். அதை அடிப்படையாக வைத்து மற்றொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம்.

வைக்கும் விதமும் முக்கியம். சிறுநீர் பட்ட புல்லை அது திரும்பியும் பார்க்காது, ஆகவே தினமும் பழையதை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். சுவரில் மாட்டும் தட்டியில் கொஞ்சம், அது வழக்கமாக உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்சம், மை படாத அட்டைக்குழாயில் திணித்துக் கொஞ்சம். இழுத்து எடுக்கும் வேலை இருந்தால் ஆர்வம் கூடும்.

இதெல்லாம் செய்தும் தொடவில்லை என்றால் வயிறு பெல்லட்டால் நிறைகிறது என்று பொருள். பெல்லட்டை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்குக் கீழே இறங்க வேண்டாம். சாயங்காலம் முதலில் புதுப்புல், இரண்டு மணி நேரம் கழித்துப் பெல்லட். எடை இறங்கினால் குறைப்பதை நிறுத்திவிடுங்கள்.

பெல்லட்

வளர்ந்த சின்சில்லாவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மேசைக்கரண்டி. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும் வெறும் பெல்லட்டாக, நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாததாக வாங்குங்கள். விதை, சோளம், காய்ந்த பழம், வண்ண வண்ணத் துண்டுகள் கலந்தது பையின் படத்தில் அழகாக இருக்கும். சின்சில்லா இனிப்பையும் கொழுப்பையும் பொறுக்கித் தின்றுவிட்டு, சத்துள்ள துண்டை ஒதுக்கிவிடும். பொறுக்கித் தின்னும் பழக்கத்தை நாமே காசு கொடுத்துக் கற்றுக்கொடுப்பது இது.

தயாரித்த தேதி பழையதாக இருந்தால் வாசம் போயிருக்கும். வீணாகக்கூடாது என்று பெரிய பையாக வாங்கி, கடைசி மாதம் மக்கிப்போனதை வைத்து அது தின்னவில்லை என்று புலம்புவோர் உண்டு.

புதிய பெல்லட்டுக்கு மாற்ற நான்கு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் நாலில் ஒரு பங்கு புதிது, அடுத்த வாரம் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுதும். புதியதை மட்டும் ஒதுக்கிவைத்தால் இரண்டையும் ஒரே டப்பாவில் இரண்டு நாள் மூடி வையுங்கள், வாசம் கலந்துவிடும். அப்போதும் ஒதுக்கினால் ஒரு படி பின்வாங்கி இன்னொரு வாரம் அங்கேயே நில்லுங்கள். பீங்கான் போன்ற கனமான கிண்ணம் நல்லது. லேசான கிண்ணத்தைக் கவிழ்ப்பது அதற்கு விளையாட்டு.

ஆசைத் தீனி

காய்ந்த ரோஜா இதழ், செம்பருத்திப் பூ, ரோஜாக் காய், கெமோமில் பூ இவற்றில் ஏதாவது ஒரு சிட்டிகை. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக்கூடாது. உலர்திராட்சை, பழத்துண்டு, கொட்டை, சூரியகாந்தி விதை, ரொட்டி, தயிர்த்துளி எனப்படும் மிட்டாய் எதுவும் வேண்டாம். இனிப்பு குடலில் புளித்து வாயுவாகும். தீனியை மறுத்தவுடன் பரிதாபப்பட்டு இதழை நீட்டினால், மறுத்தால் இதழ் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். புல்லைத் தின்றுகொண்டிருக்கும்போதே கொடுங்கள், அல்லது இதழைப் பொடித்துப் புல்லுக்குள் தூவுங்கள். கடிக்க, மருந்து தெளிக்காத ஆப்பிள், வில்லோ குச்சி வைக்கலாம். செர்ரி, பிளம், எலுமிச்சை வகை மரக்குச்சிகளைத் தவிர்க்கவும்.

சிரிஞ்சில் ஊட்ட வேண்டி வந்தால்

குடலில் அடைப்போ உப்புசமோ இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே இதில் இறங்க வேண்டும். தாவர உண்ணிகளுக்கென்றே வரும் மீட்புணவுப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். பொதுவான அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மி.லி. அப்படியானால் 500 கிராம் சின்சில்லாவுக்கு 25 முதல் 40 மி.லி., அதை ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 5 முதல் 8 மி.லி. மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

துண்டில் சுற்றி மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். மல்லாத்தக் கூடாது. விலாவை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் பல்லில்லாத இடைவெளி இருக்கும். சிரிஞ்ச் நுனியை அங்கே நுழைத்து அரை மி.லி.க்கு மேல் போகாமல் தள்ளி, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். நேராக முன்னாலிருந்து பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊட்டி முடித்ததும் தாடையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்து ஒட்டினால் அந்த இடத்துத் தோல் புண்ணாகும்.

ஊட்டும் நாட்களிலும் புல்லும் வழக்கமான பெல்லட்டும் கூண்டில் இருக்க வேண்டும். தானாகத் தின்னத் தொடங்கினாலும் சிரிஞ்சை ஒரேயடியாக நிறுத்தாமல், ஒரு வேளையைக் குறைத்து மறுநாள் எடை பாருங்கள். எடை நின்றால் அடுத்த வேளையையும் குறைக்கலாம். இந்த நேரத்தில் புது பெல்லட் எதுவும் அறிமுகப்படுத்த வேண்டாம். எடையும் புழுக்கையும் இரண்டு வாரம் ஒரே சீராக இருந்தபிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.