இங்கிலாந்தில் பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் பள்ளியில் கேளுங்கள். விலை குறைவு என்று ஜூன் மாதமே யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கிளம்பினால், திரும்பி வரும்போது அபராதக் கடிதம் காத்திருக்கலாம். பள்ளித் தவணை நடுவே லீவு தருவது தலைமையாசிரியரின் முடிவு, அதுவும் விதிவிலக்கான காரணத்துக்கு மட்டும்தான், மலிவான டிக்கெட் அதில் சேராது.

வருகைப் பதிவு ஒரு நாளைக்கு 2 முறை, காலையும் மதியமும். 10 பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் 10 அரைநாள் போய்விட்டாலே அபராதத்தைப் பரிசீலிப்பார்கள்; அது தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, பதிவு மூடிய பிறகு தாமதமாக வருவதும் கணக்கில் ஏறும். 2024 ஆகஸ்டிலிருந்து தொகை 160 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டினால் 80. இது ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு, ஆகவே அம்மா அப்பாவும் 2 பிள்ளைகளும் என்றால் குறைந்தது 320. அதே பிள்ளைக்கு 3 வருடத்துக்குள் இரண்டாவது முறை வந்தால் சலுகை கிடையாது, மூன்றாவது முறை அபராதத்துக்குப் பதில் வழக்கே வரலாம். நீதிமன்றம் போனால் 2,500 பவுண்ட் வரை அபராதமும், மிக மோசமான நிலையில் 3 மாதம் வரை சிறையும் உண்டு.

"மற்ற நாளெல்லாம் ஒழுங்காகத்தானே போகிறாள்" என்ற வாதம் இனி எடுபடாது. இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் மகளை 7 பள்ளி நாள் புளோரிடாவுக்குக் கூட்டிப்போன ஒரு தந்தை அப்படித்தான் வாதாடினார். 2017இல் உச்ச நீதிமன்றம், ஒழுங்காக வருவது என்றால் பள்ளி விதிப்படி வருவது என்று சொல்லிவிட்டது.

உடம்பு சரியில்லையா, அன்று காலையே பள்ளிக்குப் போன் செய்யுங்கள். ஆனால் பயணத்தை மறைக்கக் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள், பிள்ளையையும் பொய் சொல்ல வைக்காதீர்கள். தீபாவளி போன்ற நாளுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

பிள்ளை பயந்து, அழுது, போகவே மாட்டேன் என்றால் அது வேறு விஷயம். வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள், கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த வாரமே பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பி, யாராவது கேலி செய்கிறார்களா, பாடம் புரியவில்லையா என்று தெரிந்ததையெல்லாம் எழுதி, ஒரு சந்திப்பு கேளுங்கள். ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடமும் காட்டுங்கள். என்ன கேட்டீர்கள், பள்ளி என்ன செய்தது என்று தேதியோடு வைத்திருங்கள். அபராதத்துக்கு மேல்முறையீடு கிடையாது; தவறாகப் போட்டிருந்தால் திரும்பப் பெறச் சொல்லி உங்கள் ஊர் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றம்) எழுதும்போது இந்தக் காகிதங்கள்தான் உங்கள் கையில் இருக்கும்.