சீட்டில் எழுதாத அளவு: ஆன்லைனில் கண்ணாடி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காமார்களுக்கு நாற்பது வயதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிடும். விட்டுப்போன தையல், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை எல்லாம் மங்கலாகும். முன்பு கடைவீதிக்குப் போய்க் கண்ணாடி போட்டார்கள். இப்போது மகனோ மகளோ போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். விலை குறைவு, பார்சல் வாசலுக்கே வருகிறது. அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் கண்ணாடிக்கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துக் கையால் எடுத்த சில அளவுகள், போனில் வாங்கும்போது யாரும் எடுக்காமலே விட்டுப்போகின்றன. வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை அதனால்தான்.

அதில் முக்கியமானது பி.டி., அதாவது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரம். பல டாக்டர் சீட்டுகளில் இது இருக்காது. ஆர்டர் பக்கத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், சில தளங்கள் சராசரியாக 62, 63 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளும். உங்களுடையது 57 ஆக இருந்தால் லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக உட்காராது. பவர் ஒன்று, ஒன்றரை என்றால் பெரிதாகத் தெரியாது. மைனஸ் 5, 6 போடுகிறவர்களுக்குத் தலைவலி வரும், கண் இழுக்கும், படிக்கட்டில் கால் வைக்கவே யோசனையாக இருக்கும். "புதுக் கண்ணாடி, பழகப் பழகச் சரியாயிடுமுங்க" என்று வீட்டில் சொல்வார்கள். ஓரிரண்டு வாரத்தில் பழகவில்லையென்றால் அது பழகுகிற விஷயமில்லை.

அளப்பது கஷ்டமில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேலை வாங்குகிறவரின் புருவத்துக்குக் கீழே வைத்து, ஒரு கை தூரத்தில் எதிரே நில்லுங்கள். அவர் முதலில் உங்கள் இடது கண்ணைப் பார்க்கட்டும். அப்போது நீங்கள் வலது கண்ணை மூடிக்கொண்டு, ஸ்கேலின் பூஜ்யத்தை அவருடைய வலது கண்மணியின் நடுவுக்கு நேராக வையுங்கள். தலையும் ஸ்கேலும் அசையக் கூடாது. அப்புறம் அவர் உங்கள் வலது கண்ணைப் பார்க்க, நீங்கள் இடது கண்ணை மூடிக்கொண்டு அவருடைய இடது கண்மணியின் நடுவில் வரும் எண்ணைக் குறியுங்கள். மூன்று தடவை அளந்து, ஒத்துவருகிற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, கண் பரிசோதனை செய்யும்போதே அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுவது.

அடுத்தது வேலைத் தூரம். துணி செக் செய்கிறவருக்கும் புத்தகம் படிக்கிறவருக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவருக்கும் ஒரே கிட்டப் பவர் சரிவராது. தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படாதவர் பிளஸ் 2.5 போட்டால் சுமார் 40 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும். பிளஸ் 1.5 என்றால் அந்தத் தெளிவு 65 சென்டிமீட்டர் பக்கம் தள்ளிப்போகும். டேபிளில் விரித்த துணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, அந்த எண்ணோடு டாக்டரிடம் போங்கள். தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் ஒரே லென்ஸில் பவர் வைத்த புரோகிரசிவ் லென்ஸை மட்டும் முதல் தடவையே ஆன்லைனில் வாங்காமல் இருப்பது உத்தமம். ஃப்ரேமை முகத்தில் மாட்டிப் பார்த்து, கண்மணி எந்த உயரத்தில் நிற்கிறது என்று குறித்தால்தான் அது சரியாக அமையும்.

எண்களைப் பதிகிற இடத்தில் அவசரம் கூடாது. மைனஸுக்குப் பதில் பிளஸ் விழுந்தால் கண்ணாடியே வீண். சீட்டில் ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது. சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் வேண்டிய பவர் இருந்தால், அது எந்தக் கோணத்தில் என்று சொல்லும் ஆக்ஸிஸ் எண்ணும் கட்டாயம் வேண்டும். சீட்டைப் போட்டோ எடுத்து ஏற்ற வழியிருந்தால் அதையே செய்யுங்கள். பழைய சீட்டையும் நம்ப வேண்டாம், அதிலும் வளரும் பிள்ளைகளுடையதை. சர்க்கரை ஏறி இறங்குகிற நேரத்தில் பவரும் மாறும். அது கட்டுக்குள் வந்தபிறகு பார்ப்பதே சரி. போனிலேயே கண் டெஸ்ட் என்று வருகிற ஆப்கள் கண் அழுத்தத்தையோ விழித்திரையையோ பார்ப்பதில்லை. கோவையில் அரவிந்த், சங்கரா என்று பெரிய கண் மருத்துவமனைகள் இருக்கும்போது அதை நம்பி உட்கார்ந்திருப்பானேன்?

கூலிங் கிளாஸில் கறுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணைவிட மோசம், அந்தக் கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரிந்து கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். யூ.வி. 400 என்று இருக்கிறதா என்று பாருங்கள். லேத், கிரைண்டிங் பட்டறையில் இருப்பவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி எதுவும் பாதுகாப்பு இல்லை. பக்கவாட்டில் மூடிய கண்கவசம் தனியாக வேண்டும். திரையின் நீல ஒளியைக் குறைக்கும் என்று விற்கிற புளூ கட் லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அவரவர் இஷ்டம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை வைத்து 2023இல் வெளியிட்ட தொகுப்பில், கண் சோர்வு அதனால் குறைவதாகத் தெரியவில்லை.

சொட்டு மருந்து விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். மெட்ராஸ் ஐ சீசனில், போன தடவை வாங்கிய மருந்தின் பெயரைத் தேடி மறுபடி ஆர்டர் போடுகிறார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சீக்கிரம் சிவப்பு வடியும், ஆளும் தெம்பாகிவிடுவார். வாரக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் வலியே தெரியாமல் கண் அழுத்தம் ஏறும்; அதில் போன பார்வை திரும்ப வராது, புரையும் விழலாம். சீட்டு கேட்காமல் இதை அனுப்புகிற தளத்தை விட்டு விலகிவிடுங்கள்.

கண்ணாடியே வேண்டாம், சொட்டு போதும் என்கிற விளம்பரங்களும் வருகின்றன. வெள்ளெழுத்துக்கான ஒரு சொட்டு மருந்துக்கு அப்படி ஆரவாரம் செய்யப்பட்ட பிறகு, 2024 செப்டம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அனுமதியை நிறுத்திவைத்தது. வெறும் செயற்கைக் கண்ணீர்தானே என்றும் அலட்சியம் வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த ஒரு செயற்கைக் கண்ணீரால் சிலர் பார்வையையே இழந்தார்கள். சீல் உடைந்திருந்தால் தொடாதீர்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதிவையுங்கள். பெரும்பாலானவற்றை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

பவர் போட்ட லென்ஸைப் பல தளங்கள் எளிதில் திரும்ப எடுக்க மாட்டா. திருப்பி அனுப்பும் விதியைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வந்த கண்ணாடியைச் சீட்டோடு பக்கத்துக் கண்ணாடிக்கடைக்கு எடுத்துப்போய், லென்ஸ் மீட்டரில் பவரையும் மையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குப் பட்டை, காதுக் கம்பி எல்லாம் அவரே வளைத்துச் சரிசெய்துவிடுவார். ஆன்லைனில் வாங்கியதற்கு நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார், கேட்டுக்கொள்ளுங்கள்.