மழைக்கு முன்னால் கேள்வி: நீலகிரியில் எம்.இ. கள ஆய்வைத் திட்டமிடும் முறை

ஆய்வுமுறையியல் தாளைத் தேர்வெழுதி முடித்த பிறகும், சென்சாரை எங்கே நடுவது, எத்தனை நடுவது என்று கேட்டால் பல எம்.இ. (முதுநிலைப் பொறியியல்) மாணவர்கள் திகைத்து நிற்கிறார்கள். வரையறைகள் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு முடிவை எடுத்து, அதற்குக் காரணம் சொல்லிப் பழகியிருக்க மாட்டார்கள். குன்னூர்ப் பக்கத்துச் சரிவு ஒன்றில் மண்ணின் ஈரத்தை அளக்கும் திட்டத்தை வைத்து அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நாள்காட்டி

குன்னூர், கோத்தகிரி அடங்கிய கிழக்குச் சரிவுக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவம். அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஆய்வுத் திட்டத்தின் முதல் கட்டமான ஃபேஸ் ஒன் மூன்றாம் செமஸ்டரில் வருகிறது. முதல் ரிவ்யூ முடியட்டும் என்று காத்திருந்தால் கிழக்குச் சரிவின் மழை பாதி போய்விடும். அடுத்த மழை வரும்போது பட்டமே வாங்கியிருப்பீர்கள். பின்னோக்கி எண்ணுங்கள்: செப்டம்பர் இறுதிக்குள் கருவி மண்ணில் இருக்க வேண்டும், ஆகஸ்டில் அளவுத்திருத்தம் (கருவி காட்டும் எண்ணை உண்மை அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது) முடிய வேண்டும், கேள்வியும் அனுமதியும் இரண்டாம் செமஸ்டரிலேயே கையில் இருக்க வேண்டும். காப்புக்காட்டு நிலம் என்றால் வனத்துறை அனுமதிக்கே மாதங்கள் ஆகலாம். தேயிலைத் தோட்டக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது விரைவான வழி.

கேள்வியைச் சுருக்குவது

‘நீலகிரியில் மண்சரிவு’ என்பது தலைப்பு மட்டுமே. ‘ஒரே மலைச்சரிவில், 30 செ.மீ. ஆழத்தில், தேயிலை நிலத்தைவிடக் காய்கறி நிலம் மழை நின்ற 24 மணி நேரத்துக்குப் பின்னும் கூடுதல் ஈரத்தோடு இருக்கிறதா?’ என்பது கேள்வி. இதில் இடம், ஆழம், ஒப்பீடு, நேரம் நான்கும் இருக்கின்றன. எந்த விடை வந்தால் உங்கள் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதித் தேதியிட்டு கைடிடம் கொடுங்கள். தரவைப் பார்த்த பிறகு எழுதினால் எந்த விடையும் சரியாகவே தோன்றும்.

முந்தைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஓர் அட்டவணை போதும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி. மண் வகை, ஆழம், கருவி, இடங்களின் எண்ணிக்கை, அளந்த காலம், பிழை அளவு என்று பத்திகள். சுருக்கம், படங்கள், செய்முறை என்ற வரிசையில் படியுங்கள், முன்னுரை கடைசியில். இந்திய முனைவர் ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இருக்கிறது. பதினைந்து வரி நிரம்பியதும் எந்தப் பத்தி எல்லாருக்கும் காலியாக இருக்கிறதென்று தெரியும். பெரும்பாலும் அது பிழை அளவுதான்.

எத்தனை இடம்?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் ஒரு சென்சார் 30 நாளில் 4,320 எண்களைத் தரும். அதை 4,320 மாதிரி என்று புள்ளியியல் சோதனையில் போட்டால் எந்த வேறுபாடும் மிக உறுதியானதாக வெளிவரும். உண்மையில் உங்களிடம் இருப்பது ஓர் இடம். தேயிலையில் ஒன்று, கேரட் தோட்டத்தில் ஒன்று என இரண்டு சென்சார் வைத்தால், அந்த இரண்டு குழிகள் வேறுபடுவது மட்டுமே தெரியும். பயிரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எண்ணிக்கையைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: ஒரு பிரிவுக்குத் தேவையான இடங்கள் = 16 × (திட்டவிலக்கம்)² ÷ (கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு)². திட்டவிலக்கம் என்பது அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண். 5 சதவீத முக்கியத்துவ மட்டம் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு) என்ற வழக்கமான நிபந்தனைக்கு இது பொருந்தும். முன்னோட்டமாக ஆறேழு இடத்தில் மண் எடுத்துத் திட்டவிலக்கம் 4 என்று வந்து, 5 சதவீதப் புள்ளி வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமென்றால், 16 × 16 ÷ 25 = 10.24. ஆக, பிரிவுக்கு 11 இடம். அத்தனை லாகர் (சென்சாரின் அளவைத் தானாகப் பதியும் கருவி) வாங்கப் பணம் இராது. லாகரை இரண்டு இடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் மழை நின்ற மறுநாள் கோர் கட்டரால் (மண்ணை அப்படியே வெட்டி எடுக்கும் உலோகக் குழாய்) மண் எடுங்கள்.

இன்னொரு பொறி: இங்கே காய்கறி பெரும்பாலும் பள்ளத்தாக்கிலும் படிக்கட்டு வயலிலும் விளைகிறது, தேயிலை செங்குத்தான சரிவில் நிற்கிறது. ஈரம் கூடியதற்குக் காரணம் பயிரா, சாய்வா? பிரிக்க முடியாது. அதனால் ஒரே சரிவில், ஒரே சாய்வில், இரண்டு நிலமும் தொட்டுக்கொள்ளும் எல்லைகளைத் தேடி இணை இணையாக எடுங்கள். இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு இணைக்குள் கழிந்துவிடுவதால் தேவையான எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும்.

அளவுத்திருத்தம்

மண்ணின் மின்தேக்குத் திறனை வைத்து ஈரத்தைக் கணிக்கும் கெப்பாசிட்டிவ் சென்சாரோடு வரும் சமன்பாடு உங்கள் மண்ணுக்கானதல்ல. அதே குழியின் மண்ணை உலர்த்தி, களத்தில் அளந்த உலர் அடர்த்திக்கே வாளியில் இடித்து நிரப்பி, ஐந்து ஈர நிலைகளில் அளவெடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் மண்ணை ஓவனில் 105 முதல் 110 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். ஈர எடை 182 கிராம், உலர் எடை 140 கிராம் என்றால் எடைவழி ஈரம் 42 ÷ 140 = 30 சதவீதம். உலர் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.2 கிராம் என்றால் கனவழி ஈரம் (மண்ணின் கன அளவில் நீரின் பங்கு) 30 × 1.2 = 36 சதவீதம். ஒரே வரைபடத்தில் இரண்டையும் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சென்சாரை ஒட்டிக் காற்றிடைவெளி இருந்தால் அளவு குறைந்து காட்டும். நட்ட பிறகு ஆட்டிப் பார்க்காதீர்கள்.

டிப்பிங் பக்கெட் மழைமானியில் சிறு வாளி நிரம்பியதும் கவிழ்ந்து ஒரு கவிழ்ப்பாக எண்ணப்படும்: புனல் விட்டம் 200 மி.மீ., ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்றால், ஒரு கவிழ்ப்புக்கு 6.28 மி.லி. நீர். 628 மி.லி. நீரை ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் 100 கவிழ்ப்பு வர வேண்டும். அதே நீரைப் பதினைந்து நிமிடத்தில் விட்டுப் பாருங்கள், எண்ணிக்கை குறையும். வாளி கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் வருவதில்லை. மலையின் கனமழைக்கு இந்தத் திருத்தம் கட்டாயம்.

நாள் என்பது எது?

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை; அந்த அளவு, வாசிப்பு எடுத்த தேதியில் எழுதப்படும். 10-ஆம் தேதி மழை என்று இருப்பதில் பெரும்பகுதி 9-ஆம் தேதி பெய்ததாக இருக்கலாம். உங்கள் லாகரோ நள்ளிரவில் நாளை மாற்றும். இந்த இரண்டையும் அப்படியே இணைத்தால், மழைக்கு முன்பே மண் நனைந்ததுபோல் வரைபடம் வரும். ஒப்பிடும் முன் லாகர் தரவையும் 8.30 கணக்குக்கு மாற்றுங்கள்.

களத்தில்

மூடுபனி நாட்களில் சோலார் நம்ப முடியாது. 2,600 மி.ஆம்பியர்-மணி பேட்டரி, 15 மி.ஆம்பியர் இழுக்கும் லாகருக்கு ஏழு நாள்தான் வரும். அளவெடுக்காத நேரத்தில் லாகரை உறங்கவைக்கும் உறக்கநிலை நிரலை எழுதுங்கள். கேபிளை எலி கடிக்கும், பிவிசி குழாய்க்குள் விடுங்கள். மழைமானிப் புனலை வாரம் ஒருமுறை துடையுங்கள். ஒரு யூகலிப்டஸ் இலை போதும், மழை பெய்தும் பதிவு வராது. காட்டெருமை வரும் தடத்தில் கருவி வைக்காதீர்கள். அதிகாலையிலும் அந்தியிலும் தனியாகப் போகாதீர்கள்.

மூலத் தரவுக் கோப்பைத் திருத்தவே கூடாது; திருத்தம் எல்லாம் நகலில், காரணத்தோடு. செய்முறை அத்தியாயத்தைச் சென்சார் நட்ட அன்றே எழுதுங்கள்: குழியின் ஆழம், சாய்வு, திசை, மண்ணின் நிறம், நட்ட மணி எல்லாம் அன்றைக்குத்தான் நினைவில் இருக்கும். பதிவு விடுபட்ட நாட்களுக்கும் ஓர் அட்டவணை போட்டு, பேட்டரியா, அடைப்பா, கேபிளா என்று ஆய்வேட்டிலேயே சேருங்கள். வைவாவில் முதல் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.